இளங்கோ ஆனபோது வெட்டிய கல்

(பவானியில் கொங்கு நாட்டு வரலாற்று ஆர்வலர்களும் கல்லூரி மாணவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



முதலில், பின்னால் சுவரோரமாக நிற்கும் மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள். முன்வரிசையில் எட்டு நாற்காலிகள் காலியாக இருக்கின்றன. ‘முக்கியப் பிரமுகர்கள்’ என்று தாள் ஒட்டி வைத்திருக்கிறார்கள். அந்தத் தாளை எடுத்துவிட்டு நீங்கள் வந்து உட்காருங்கள். நான் இன்று பேச வந்திருப்பதே அந்த நாற்காலிகளைப் பற்றித்தான்.

தொல்லியல் கழகத்துக்கு இளைய உறுப்பினர்களைச் சேர்ப்பது எப்படி என்பது எனக்குத் தந்திருக்கும் தலைப்பு. நான் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஞாயிற்றுக்கிழமைகளில் நடுகல்லும் கல்வெட்டும் தேடித் திரிந்தே முப்பது ஆண்டுகளைக் கழித்தவன். தலைப்பைக் கேட்டதும் எனக்கு நினைவுக்கு வந்தது ஒரு மாணவியின் கேள்வி.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியில் பேசப் போயிருந்தேன். அரங்கு நிறையப் பிள்ளைகள். நொய்யல் கரையில் கொடுமணலில் நடந்த அகழாய்வைப் பற்றிச் சொன்னபோது கண் இமைக்காமல் கேட்டார்கள். பேச்சு முடிந்ததும் கையோடு கொண்டுபோயிருந்த உறுப்பினர் படிவங்களை மேசைமேல் வைத்தேன். எல்லோரும் கைதட்டிவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடினார்கள். வேதியியல் படிக்கும் ஒரு பெண் மட்டும் மேசைக்கு வந்தாள். படிவத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, “சார், சேர்ந்தா நான் என்னங்க சார் செய்யணும்?” என்று கேட்டாள்.

“வருசத்துக்கு ஒரு மாநாடு நடக்கும், வரலாம் கண்ணு. இதழ் ஒண்ணு வரும், படிக்கலாம்” என்றேன்.

“மாநாட்டுக்குச் சேராமயே வரலாங்களே சார். இதழையும் நூலகத்துல படிச்சுக்கலாங்களே” என்றாள்.

அவள் குதர்க்கமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்று கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவள் கேட்டது, என்ன செய்ய வேண்டும் என்று. வேலை கேட்டு வந்த பிள்ளைக்கு நான் நாற்காலியைக் காட்டினேன். அன்றைய குறை அவளுடையது அன்று, என்னுடையது. இந்தப் பேச்சு முழுவதும் அவளுக்கு நான் தாமதமாகச் சொல்லும் பதில்.

இளைஞர்கள் தொடங்கிய துறை

தொல்லியல் என்றால் நரைத்த தலையும் தடித்த கண்ணாடியும் என்று ஓர் எண்ணம் ஊருக்குள் இருக்கிறது. நம் கூட்டங்களைப் பார்ப்பவர்களுக்கு அப்படித் தோன்றுவதில் தவறும் இல்லை. ஆனால் இந்தத் துறை பிறந்த கதை வேறு.

1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள், சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்தில் செம்மண் பள்ளத்திலிருந்து ஒரு கற்கருவியை எடுத்தார் ராபர்ட் புரூஸ் ஃபூட். இந்த நாட்டில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்தார்கள் என்ற செய்தி அந்தக் கல்லோடு வெளிச்சத்துக்கு வந்தது. அன்று அவருக்கு வயது 28. சென்னை மாகாணத்துக்குக் கல்வெட்டு அறிஞராக ஹுல்ட்ஷ் நியமிக்கப்பட்ட 1886-இல் அவருக்கு 30 நிறையவில்லை. அவருக்குத் துணையாக வந்து தமிழ்க் கல்வெட்டுகளைப் படித்துக் கொடுத்த வெங்கையா இருபதுகளில் இருந்தார். தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதி 1890-இல் வெளிவந்தது. இன்றைக்கும் நாம் தலைமேல் வைத்துக் கொண்டாடும் அந்தப் பணியின் தொடக்கத்தில் நின்றவர்கள் இந்த அரங்கின் பின்வரிசை வயதினர்.

நம் ஊர்ப்பக்கம் வருவோம். ஈரோட்டிலிருந்து காங்கேயம் போகும் வழியில் அறச்சலூர். அங்கே நாகமலையில் ஒரு குகை. அதற்குள் ஒரு கல்வெட்டு. வரிக்கு ஐந்து எழுத்தாக ஐந்து வரிகளில், தகரத்தில் தொடங்கும் தாளக்கட்டு எழுத்துகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. இசைக்கோ ஆட்டத்துக்கோ உரிய எழுத்தடுக்கை இவ்வளவு பழங்காலத்திலேயே கல்லில் பதித்துவைத்த சான்று என்பதால் இதை இசைக் கல்வெட்டு என்றே சொல்கிறோம். அந்த எழுத்துகளை அமைத்தவன் தன் பெயரையும் தொழிலையும் சேர்த்து வெட்டிவைத்திருக்கிறான்: தேவன் சாத்தன் என்னும் வண்ணக்கன். வண்ணக்கன் என்றால் மணியும் பொன்னும் சோதித்துப் பார்ப்பவன். இந்தக் கல்வெட்டை 1960-களின் தொடக்கத்தில் வெளி உலகுக்குக் கொண்டுவந்தவர் புலவர் செ. இராசு. பிற்காலத்தில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல், தொல்லியல் துறைத் தலைவராக உயர்ந்தவர். கொங்குநாட்டுச் செப்பேடுகளையும் கல்வெட்டுகளையும் ஊர் ஊராகத் தேடித் தொகுத்தவர். 2023-இல் நம்மை விட்டுப் போனவர். நாம் கடைசியாகப் பார்த்த முதியவரின் உருவம்தான் நம் மனத்தில் நிற்கிறது. அறச்சலூர்க் குகைக்குள் அவர் குனிந்து நுழைந்தபோது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

அவருக்கு முந்திய தலைமுறையில் கோவைகிழார் என்று நாம் போற்றும் இராமச்சந்திரன் செட்டியார் இருந்தார். அவர் வழக்கறிஞர். கரூர்ப் பக்கம் புகழூர்க் கல்வெட்டில் இருப்பவர்கள் சங்ககாலச் சேர மன்னர்கள்தாம் என்று நிறுவிய ஐராவதம் மகாதேவன் இந்திய ஆட்சிப் பணி அதிகாரி. தமிழ்நாட்டில் தொல்லியல் எப்போதுமே பட்டம் பெற்றவர்களின் வேலி போட்ட தோட்டமாக இருந்ததில்லை. வக்கீலும் வாத்தியாரும் அதிகாரியும் பொறியாளரும் சேர்ந்து உழுத நிலம் இது. வேதியியல் படிக்கும் பெண்ணுக்கும் இங்கே இடம் உண்டு என்று நான் துணிந்து சொல்வது இந்த மரபை வைத்துத்தான்.

ஆவணம் கற்றுத்தந்த பாடம்

தமிழகத் தொல்லியல் கழகம் நமக்கெல்லாம் தாய்வீடு. அதன் இதழான ‘ஆவணம்’ 1991-இல் தொடங்கியது. ஒவ்வோராண்டும் ஒவ்வோர் ஊரில் கழகம் கூடுகிறது. புதிதாகக் கண்டெடுத்த கல்வெட்டு, செப்பேடு, நடுகல், காசு, பானையோடு எல்லாம் இதழில் தமிழில் அச்சாகின்றன. எ. சுப்பராயலு, கா. ராஜன், சு. இராசகோபால் போன்ற அறிஞர்கள் இந்தக் கழகத்தையும் இதழையும் வளர்த்தெடுத்தவர்கள்.

அந்த இதழைப் புரட்டிப் பாருங்கள். உலகப் புகழ் பெற்ற அகழாய்வு பற்றிய கட்டுரைக்கு அருகிலேயே, ஏதோ ஒரு சிற்றூரின் ஏரிக்கரையில் கிடந்த நான்கு வரிக் கல்வெட்டின் பாடம் இருக்கும். எந்த ஊர், எந்த வட்டம், கல் எங்கே கிடக்கிறது, என்ன காலம், என்ன செய்தி, எழுத்துக்கு எழுத்து மூலபாடம். அதோடு அதைக் கண்டு படித்தவரின் பெயர். அந்தப் பெயருக்கு உரியவர் பேராசிரியராக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆசிரியர், அஞ்சல்காரர், விவசாயி, மாணவர் யாராகவும் இருக்கலாம். பாடம் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உறுப்பினர் என்றால் யார் என்பதற்கு எனக்குக் கிடைத்த விடை அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது. சந்தா கட்டி ரசீது வாங்கியவர் வாசகர். தன் பெயரில் ஒரு கல்லைப் படித்து அச்சேற்றியவர் உறுப்பினர். அவரை யாரும் துரத்தினாலும் அவர் கழகத்தை விட்டுப் போகமாட்டார்.

நான் மாணவனாக இருந்தபோது ஓர் அமைப்பின் கூட்டத்துக்கு ஆர்வத்தோடு போனேன். அந்த அமைப்பின் பெயர் வேண்டாம். காலை முதல் மாலை வரை கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு இலை போடுவதற்கு மட்டும் “தம்பி, இங்க வாப்பா” என்று கூப்பிட்டார்கள். அடுத்த ஆண்டு நான் போகவில்லை. அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, ஒரு பெரியவர் என்னை ஒரு புலிகுத்திக்கல் முன்னால் உட்காரவைத்து, சுண்ணாம்புத் தூளை என் கையில் கொடுத்து, “நீயே படி, தப்பாப் படிச்சாலும் பரவாயில்ல, நான் இருக்கறேன்” என்றார். நான் தப்பாகத்தான் படித்தேன். ஆனால் அன்றைக்குத்தான் இந்த வேலைக்குள் வந்து சேர்ந்தேன்.

தடை எங்கே இருக்கிறது?

இளைஞர்களுக்கு வரலாற்றில் நாட்டம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2023-இல் கீழடியில் அருங்காட்சியகம் திறந்ததிலிருந்து பிள்ளைகள் பேருந்து பேருந்தாகப் போய் இறங்குகிறார்கள். 2019-இல் கீழடியின் காலக்கணிப்பு வெளியானபோதும், இரும்பின் பழமை குறித்து 2025 ஜனவரியில் அறிவிப்பு வந்தபோதும் அவற்றைக் கைப்பேசி வழியாக ஊருக்கெல்லாம் கொண்டுபோனவர்கள் இவர்கள். ஆர்வம் கரை புரண்டு ஓடுகிறது. அதை வயலுக்குத் திருப்பும் வாய்க்கால்தான் இல்லை. அணை கட்டித் தண்ணீரைத் திருப்பிய காலிங்கராயன் மண்ணில் நின்று இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தடைகளில் முதலாவது பிழைப்பு. பவானி ஜமக்காளத்தையே எடுத்துக்கொள்வோம். புவிசார் குறியீடு வாங்கிவிட்டோம், பெருமைதான். ஆனால் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் குழித்தறியில் இறங்க ஏன் தயங்குகிறார்கள்? தாத்தா நெய்த ஜமக்காளத்தின்மேல் அன்பு இல்லாமலா? இல்லை. கூலி கட்டுப்படியாகவில்லை. தொல்லியலும் அப்படித்தான். இரண்டு ஆண்டு படித்து, வெயிலில் குழி தோண்டி, பானையோடு கழுவி, ஒப்பந்த ஊதியத்தில் காலம் தள்ளி, முப்பது வயதில் நிரந்தர வேலை இல்லாமல் நிற்கும் பிள்ளையிடம் “மரபைக் காப்பாற்று” என்று உபதேசம் செய்ய நமக்கு உரிமை கிடையாது.

பிரிட்டனில் இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி பிறந்தது. நிலத்தில் கட்டடம் எழுப்புபவரே அங்குள்ள தொல்பொருள் ஆய்வுக்கும் செலவு செய்ய வேண்டும் என்ற நடைமுறை 1990-இல் திட்ட அனுமதி நெறிகள் வழியாக வேரூன்றியது. சாலை போட்டாலும் வீடு கட்டினாலும் தொல்லியலாளருக்கு வேலை வந்தது. அங்கே 1982-இல் தொடங்கிய கள ஆய்வாளர் சங்கம், 2014-இல் அரச பட்டயம் பெற்று முழுமையான தொழில்முறை நிறுவனம் ஆனது. படிக்கும்போது மாணவ உறுப்பினர். களத்துக்கு வந்ததும் அடுத்த நிலை. பொறுப்பு கூடக்கூட அதற்கும் அடுத்த நிலை. எந்த நிலையில் இருக்கிறார் என்பது வேலைக்கு எடுப்பவருக்கும் பொருள்படுகிறது. குறைந்தபட்ச ஊதியம் என்ன என்பதைக்கூட அந்தச் சங்கம் பேசியது. அங்கே இளைஞர் உறுப்பினராவதற்குக் காரணம் தெளிவானது: உறுப்பினர் என்பது தொழிலின் ஏணியில் ஒரு படி.

அதைவிட எனக்குப் பிடித்தது அங்குள்ள இளந்தொல்லியலாளர் மன்றம். 1972-இல் தொடங்கியது. 8 வயது முதல் 16 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. எட்டு வயதில் ஓட்டுத்துண்டைக் கையில் எடுத்துப் பார்த்த குழந்தைக்கு இருபது வயதில் அழைப்பிதழ் அனுப்ப வேண்டியதில்லை. நம்மிடமும் இந்த எண்ணம் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு தொல்லியல் துறையை முதல் இயக்குநராக இருந்து நடத்திய இரா. நாகசாமி, பள்ளிப் பிள்ளைகளைத் தங்கள் ஊர்ச் சின்னங்களோடு இணைக்கப் பாடுபட்டார். சில காசு விலையில் சிறு கையேடுகள் போட்டார். அந்த வழியில் நாம் தொடர்ந்து நடந்திருக்க வேண்டும்.

இரண்டாவது தடை பெண்பிள்ளைகளுக்கு உரியது. கல்வெட்டு வகுப்புகளில் பெண்கள் நிறைய உட்கார்ந்திருக்கிறார்கள். களத்துக்குப் புறப்படும்போது எண்ணிக்கை சுருங்கிவிடுகிறது. காரணம் ஆர்வக் குறைவு என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். காலை ஐந்து மணிக்கு இரு சக்கர வண்டியில் புறப்பட்டு, கழிப்பறை இல்லாத கரட்டில் பகல் முழுக்கத் திரிந்து, இருட்டிய பிறகு வீடு திரும்பும் பயணத்தை வகுத்தவர்கள் ஆண்கள். அந்தத் திட்டத்தை மாற்றாமல் ‘பெண்கள் வருவதில்லை’ என்று வருத்தப்படுவதில் நியாயம் இல்லை.

மூன்றாவதை மனம் திறந்து சொல்லியாக வேண்டும். கொங்கு நாட்டுக் கல்வெட்டுகளில் காணியுரிமைச் செய்தி நிறைய உண்டு. குலமும் கூட்டமும் பேசப்படுகின்றன. ஆகவே ஒவ்வொரு கல்லையும் ‘எங்கள் கல்’ என்று உரிமை கொண்டாட ஒரு கூட்டம் வந்து நிற்கிறது. வரலாற்றுச் சங்கம் ஒரு சாதியின் பெருமை பேசும் மேடையாகிவிட்டால் மற்ற வீட்டுப் பிள்ளைகள் வாசற்படியிலேயே செருப்பைக் கழற்றாமல் திரும்பிவிடுவார்கள். கல்லில் இருக்கும் எழுத்தைக் கூட்டாமல் குறைக்காமல் படிக்கிற இடம் கழகம். அங்கே எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பாய்.

நாம் செய்யக்கூடியது

சட்டம் இயற்றுவது நம் கையில் இல்லை. அதற்காகக் குரல் கொடுப்பது நம் கையில் இருக்கிறது. ஆனால் நாளைக்கே தொடங்கக்கூடிய வேலைகளும் இருக்கின்றன.

முதல் வேலை: ஓர் இளைஞருக்கு ஒரு கல். புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் ஆறு மாதத்துக்குள் ஒரு நடுகல்லோ கல்வெட்டோ ஒதுக்க வேண்டும். ஏற்கெனவே அச்சான கல்வெட்டாக இருந்தாலும் சரி, போய்ப் பார்த்து, இன்றைய நிலையைப் பதிந்து, பாடத்தை ஒப்பிட்டுச் சரிபார்க்கட்டும். கல் அங்கேயே இருக்கிறதா, சாலை விரிவாக்கத்தில் போய்விட்டதா, வீட்டுமனை போட்டவர்கள் புரட்டித் தள்ளிவிட்டார்களா என்று எழுதட்டும். அதுவே பெரிய தொண்டு. நம் பகுதியில் பாண்டியன் குழி என்று மக்கள் சொல்லும் கல்வட்டங்கள் எத்தனை நம் கண்ணெதிரே மண்வெட்டும் எந்திரத்துக்கு இரையாகின! ஒரு கல்லுக்கு ஓர் ஆள் பொறுப்பு என்று இருந்திருந்தால் ஒரு தொலைபேசி அழைப்பாவது போயிருக்கும்.

இரண்டாவது: இரண்டு பெயர். அப்படி எழுதியது அச்சாகும்போது மாணவர் பெயர் முதலிலும், சொல்லிக்கொடுத்த பெரியவர் பெயர் அடுத்தும் வர வேண்டும். அகலமான ஜமக்காளத்தைத் தறியில் இரண்டு பேர் உட்கார்ந்து நெய்வதைப் பார்த்திருக்கிறீர்கள். இந்தப் பக்கத்திலிருந்து நாடாவை எறிந்தால் அந்தப் பக்கத்தில் பிடிக்க ஒரு கை வேண்டும். ஒருவரே இரண்டு பக்கமும் ஓட முடியாது. கல்வெட்டு வாசிப்பும் அப்படித்தான். கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டித் தூரிகையால் தட்டி, மை ஒற்றி மைப்படி எடுக்கும் பக்குவமும், தேய்ந்த எழுத்தை முன்பின் சொல்லை வைத்து ஊகிக்கும் கண்ணும் பெரியவர்களிடம் இருக்கின்றன. சாய்வெளிச்சம் போட்டு நூறு படம் எடுத்து, கணினியில் முப்பரிமாண உருவமாக்கி, கண்ணுக்குத் தெரியாத கீறலையும் எழுப்பிக் காட்டும் திறமை பிள்ளைகளிடம் இருக்கிறது. இரண்டும் ஒரே கல்லின் முன்னால் சந்திக்க வேண்டும்.

மூன்றாவது: நம் பழைய நோட்டுகள். இங்கே உட்கார்ந்திருக்கும் மூத்தவர்கள் ஒவ்வொருவர் வீட்டுப் பரணிலும் நாற்பது ஆண்டுக் குறிப்பேடுகள், மைப்படிகள், ஒளிப்படச் சுருள்கள் இருக்கின்றன. நமக்குப் பிறகு அவை எடைக்குப் போகும். ஒரு மாணவரை வீட்டுக்கு அழையுங்கள். அவர் ஒவ்வொன்றாக மின்னுருவாக்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கல் எங்கே கிடந்தது, யார் வீட்டுத் திண்ணையில் இருந்தது என்று சொல்லுங்கள். எந்தப் பாடநூலிலும் இல்லாத களவரலாறு அப்படித்தான் கைமாறும்.

நான்காவது: களப்பயண விதிகளை எழுத்தில் வைப்போம். குழுவாகத்தான் போவது, பெண் பொறுப்பாளர் ஒருவர் கட்டாயம் இருப்பது, கழிப்பறை வசதியுள்ள இடத்தை முன்கூட்டியே பார்த்துவைப்பது, பொழுது சாய்வதற்குள் ஊர் திரும்புவது, செலவைக் கழகமே ஏற்பது. பெற்றோர் கேட்டால் தாளை எடுத்து நீட்ட முடிய வேண்டும்.

ஐந்தாவது: செயற்குழுவில் 30 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இரண்டு இடம், வாக்குரிமையோடு. தேநீர் வாங்கிவர, பதாகை கட்ட, ஒலிபெருக்கி பார்க்க மட்டும் பிள்ளைகளைக் கூப்பிடும் பழக்கத்தை இன்றோடு விடுவோம். எந்தக் கல்லுக்கு முதலில் போவது, எந்தத் தொகையை எதற்குச் செலவிடுவது என்று தீர்மானிக்கும் இடத்தில் அவர்கள் இருக்கட்டும். மாணவர் சந்தாவை மூத்த உறுப்பினர்கள் ஆளுக்கொருவராக ஏற்றுக்கொண்டால் பணமும் தடையாக இராது. செய்த வேலைக்கும் செலவிட்ட மணிநேரத்துக்கும் சான்றிதழ் கொடுப்போம். வேலை தேடும்போது அது அவர்களுக்குக் கை கொடுக்கும்.

கோவையில் யாக்கை, வாணவராயர் அறக்கட்டளை, திருப்பூரில் வீரராசேந்திரன் தொல்லியல் வரலாற்று ஆய்வு மையம் என்று கொங்கு மண்ணில் உழைக்கும் அமைப்புகள் இருக்கின்றன. நாம் அவர்களோடு சேர்ந்து நடந்தால் ஒரே பிள்ளையை மூன்று பேர் இழுக்க வேண்டியிருக்காது; மூன்று மடங்கு பிள்ளைகளுக்கு வழிகாட்டலாம்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை

பெரியவர்களுக்குச் சொல்லிவிட்டேன். உங்களுக்கும் சொல்ல வேண்டும், கண்ணுகளா.

நீங்கள் கைப்பேசியில் ஒரு நிமிடப் படம் போட்டால் லட்சம் பேர் பார்க்கிறார்கள். எங்கள் கட்டுரையை நூறு பேர் படிப்பது அரிது. அந்தச் சக்தியை நான் மதிக்கிறேன். ஆனால் எந்தக் கல்லையும் பத்தாயிரம் ஆண்டு என்று சொல்லிவிடாதீர்கள். நம் முன்னோர் பெருமைக்குப் பொய்ச்சாட்சி தேவையில்லை. கொடுமணலைப் பாருங்கள். சென்னிமலைக்கு மேற்கே நொய்யலின் வடகரையில் இருக்கும் ஊர். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று பேசப்படும் ஊர். 1980-களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழ்ந்தது. பின்னர் புதுவைப் பல்கலைக்கழகமும் மாநிலத் தொல்லியல் துறையும் அகழ்ந்தன. இரும்பு உருக்கிய உலை, நீலக்கல்லும் பச்சைக்கல்லும் சூதுபவளமும் படிகமும் அறுத்து மணியாக்கிய பட்டறை, சங்கு வளையல், எழுத்துப் பொறித்த 500-க்கும் மேற்பட்ட பானையோடுகள் எல்லாம் கிடைத்தன. இதற்குமேல் எதைக் கூட்டிச் சொல்ல வேண்டும்? உள்ளதைச் சொன்னாலே உலகம் கேட்கும்.

காசோ நகையோ மண்ணில் கிடைத்தால் வட்டாட்சியருக்குச் சொல்லுங்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. உலோகம் தேடும் கருவியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போகாதீர்கள். மண்ணுக்குள் எந்த அடுக்கில் கிடந்தது என்பது போய்விட்டால், கையில் மிஞ்சுவது வெறும் உலோகம்.

பொறுமையையும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு கல்வெட்டில் ஓர் எழுத்துக்காக மூன்று முறை திரும்பிப் போக வேண்டியிருக்கும். ஊர்ப் பாட்டி, “என்ன கண்ணு, வேகாத வெயில்ல இந்தக் கல்லுல என்ன இருக்குதுன்னு பாக்கறீங்க?” என்று கேட்பார். உட்கார்ந்து விளக்கமாகச் சொல்லுங்கள். அடுத்த மாதம் யாராவது அந்தக் கல்லைத் துணி துவைக்க எடுத்துப்போக வந்தால் தடுத்து நிறுத்துபவர் அந்தப் பாட்டிதான்.

மூன்று பெயர்கள்

முடிக்கும்முன் ஒரு கல்லின் முன்னால் உங்களை நிறுத்த விரும்புகிறேன். இங்கே பவானியில் கூடிய காவிரி, ஈரோட்டையும் கொடுமுடியையும் தாண்டிப் போனால் புகழூர். அங்கே வேலாயுதம்பாளையத்தை ஒட்டி ஆறுநாட்டார் மலை. அதன் குகைத்தளத்தில் யாற்றூரைச் சேர்ந்த செங்காயபன் என்ற சமணத் துறவிக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்த செய்தி தமிழ் பிராமியில் இருக்கிறது. அதில் சேர அரச குலத்தின் மூன்று தலைமுறை நிற்கிறது. தாத்தா, கோ ஆதன் செல்லிரும்பொறை. மகன், பெருங்கடுங்கோ. அவன் மகன், இளங்கடுங்கோ.

அந்தக் கல் எப்போது வெட்டப்பட்டது தெரியுமா? தாத்தா போரில் வென்றபோது அன்று. அப்பா முடி சூடியபோதும் அன்று. பேரன் இளங்கடுங்கோ ‘இளங்கோ’ ஆனபோது, அதாவது இளவரசுப் பொறுப்பை ஏற்றபோது. இளையவன் கையில் பொறுப்பைக் கொடுத்த நாளைக் கொண்டாட வெட்டிய கல்லில்தான் தாத்தாவின் பெயர் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளாக அழியாமல் இருக்கிறது. பட்டத்தைப் பேரனுக்குக் கொடுக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தால், அந்தக் கல்லும் இல்லை. அந்த மூன்று பெயரும் அங்கே இல்லை.

கொடுமணலில் யாரோ ஒருவன் தன் பானையில் ‘கண்ணன் ஆதன்’ என்று பெயரைக் கீறினான். அறச்சலூர்க் குகையில் தேவன் சாத்தன் தன் பெயரை வெட்டினான். இதோ, நம் சங்கமேசுவரர் கோயிலுக்கு 1804-இல் தந்தத் தொட்டில் கொடுத்த கோவை மாவட்ட ஆட்சியர் வில்லியம் கரோவும் தன் கையெழுத்தைப் போட்டுத்தான் போனார். செய்த வேலையில் தன் பெயர் நிற்க வேண்டும் என்ற ஆசை மனிதருக்கு என்றும் உண்டு. அதை நாம் பிள்ளைகளுக்கு மறுக்கக் கூடாது.

மேசைமேல் இன்றைக்கும் படிவங்கள் இருக்கின்றன. அவற்றோடு ஒரு பட்டியலையும் வைத்திருக்கிறேன். இந்த வட்டாரத்தில் நான் பார்த்து முழுதாகப் படித்து முடிக்காத கற்கள் பதினொன்றின் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம் காலியாக விட்டிருக்கிறேன். படிவத்தைப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம். முதலில் அந்தப் பட்டியலுக்கு வாருங்கள். ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்து எதிரே உங்கள் பெயரை எழுதுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் கூடுதுறையில் சந்திப்போம். சுண்ணாம்புத் தூளும் தூரிகையும் நான் கொண்டுவருகிறேன்.